எங்கள் காப்பித் தோட்டத்துக்கு நிழல் தேடித் தந்தவர்களுக்கு

தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறைப் பக்கத்து உறவுகள் எல்லோருக்கும் வணக்கம். இந்த நன்றியை எப்போதோ சொல்லியிருக்க வேண்டும், மரங்கள் கொஞ்சம் தலையெடுக்கட்டும் என்று காத்திருந்தேன்.

விஷயம் தெரியாதவர்களுக்காக: 2018 நவம்பரில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல், கடலுக்கு இவ்வளவு தள்ளி இருக்கிற எங்கள் கீழ்ப்பழனி மலையையும் விட்டுவைக்கவில்லை. மேல்சரிவில் எங்களுக்கு நிழல் என்று இருந்ததே சில்வர் ஓக் தான். அதில் நிறைய மரங்கள் முறிந்தும் வேரோடு சாய்ந்தும் போக, அராபிகா காப்பிச் செடிகள் வெட்டவெளியில் நின்றன. வெயில் படுகிற தண்டைத் தேடித்தான் வெள்ளைத் தண்டு துளைப்பான் என்கிற வண்டு வரும். பட்டை வெடிப்பில் முட்டை வைத்து, புழு தண்டுக்குள் போய்விட்டால் அப்புறம் மருந்து எட்டாது, செடியைப் பிடுங்கி எரிக்க வேண்டியதுதான். எத்தனை செடி எரித்தோம் என்று இப்போது எழுத மனசில்லை.

முதல் நன்றி, தாண்டிக்குடி காப்பி ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்து பார்த்த அதிகாரிக்கு. "என்ன மரம் சார் வைக்கலாம்" என்றதும் பெயர்களை ஒப்பிக்காமல் சரிவு முழுக்க நடந்தார், மேற்கு வெயில் எங்கே விழுகிறது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்தார், பிறகு இரண்டு அடுக்காக யோசிக்கச் சொன்னார். சீக்கிரம் நிழல் கிடைக்க கீழடுக்கில் கல்யாண முருங்கை: மழை தொடங்கும்போது ஆள் உயரப் போத்தை (வெட்டிய கிளையை) ஊன்றினால் பிடித்துக்கொள்ளும், வேர் முடிச்சில் தழைச்சத்தும் சேர்க்கும். ஆனால் இலையில் முடிச்சுப் போடும் குளவி வந்தால் மொட்டையாகிவிடும் என்பதையும் மறைக்காமல் சொன்னார், அதனால் அதை மட்டும் நம்பி நிற்கவில்லை.

மேலடுக்குக்கு வழி காட்டியவர் பளியர் பழங்குடிக் குடியிருப்புத் தாத்தா. கன்றுக்கு நாங்கள் நர்சரி நர்சரியாக அலையத் தயாராக இருந்தபோது, தோட்டத்துக்குள்ளேயே கூட்டிக்கொண்டு போய், களையெடுப்பில் போயிருக்க வேண்டிய கன்றுகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். நாவல், பறவையும் மரநாயும் போட்டது, சந்தன வேம்பும் வேங்கையும் காற்றில் வந்தவை, ஓடையோரம் அத்தி. எது எந்த இடத்தில் தானாக முளைக்கிறதோ அது அங்கே நிற்கும் என்பது அவர் கணக்கு. கன்றுக்குக் குச்சி நட்டு அடையாளக் கயிறு கட்டியதுதான் எங்கள் வேலை. அத்தியால் என்ன காசு என்று இன்றும் கேட்கிறார்கள். காசு இல்லை, ஆனால் பழுத்த நாளில் குக்குறுவான் பறவைச் சத்தத்தை வந்து கேட்டுப் பாருங்கள், அதோடு அந்த இலை சீக்கிரம் மக்கி மண்ணாகிவிடும், சில்வர் ஓக் சருகு போல நாள்கணக்கில் அப்படியே கிடக்காது.

பலா விஷயத்தில் கே.சி.பட்டி அக்காவுக்குக் கடன்பட்டிருக்கிறோம். பலா நல்ல நிழல், நம்ம மரம், சரி. "நடுத்தோட்டத்தில் வச்சிடாதே தம்பி, பழத்துக்கு யானை வந்தா காப்பியையும் சேர்த்து மிதிச்சிடும்" என்று அவர் சொல்லாமல் இருந்திருந்தால் வரிசையாக நட்டிருப்போம்.

மரம் வளரும் வரை இடைக்கால நிழலுக்கு விருப்பாச்சி வாழைக் கன்றுகளை ஜீப்பில் ஏற்றி அனுப்பிய மாமாவுக்கும் நன்றி, காசு வேண்டாம் என்று அவர் சொன்னதை நாங்கள் உடனே நம்பிவிட்டோம்.

ஒரு மர வியாபாரி, மறுபடியும் சில்வர் ஓக்கே நடுங்க, மிளகும் ஏறும் விலையும் போகும் என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை, அதனால்தான் புயலுக்குத் தப்பிய ஓக்குகளை வெட்டாமல் மிளகுக்கு விட்டிருக்கிறோம். ஒரே மரமாக மட்டும் இனி வேண்டாம்.

கடைசியாக, கிளை கழிக்க வருகிற அண்ணன்மார்கள். ஓக் நேராகப் போகும், நாட்டு மரம் அகலமாகப் படரும், மழைக்காலத்துக்கு முன்னால் ஏறி அளவாகக் கழிக்காவிட்டால் இருட்டடைந்து செடி பூக்காது, கோடையில் கை வைத்தால் செடிமேல் வெயில் இறங்கிவிடும். எந்தக் கிளையை விடுவது என்று அவர்களுக்குத் தெரிகிறது, நாங்கள் கீழே நின்று கயிறு பிடிக்கிறோம்.

சந்தன வேம்புக் கன்றுகள் இந்த வருஷம் அதிகமாகவே முளைத்திருக்கின்றன. வேண்டுமென்றால் மழைக்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள், பை மட்டும் கொண்டு வந்தால் போதும்.