கதிர்க்கட்டுகளுக்கு நடுவில் படுத்துப் படிப்பவர்

அன்புள்ள தம்பி,

கிராமத்தை அழகாக வரைவதே பொய், நான் வரைந்த வயல் படங்களை எல்லாம் கிழித்துப் போடப் போகிறேன் என்று போனில் சொன்னாய். கிழிக்காதே. சாமுவேல் பால்மர் என்ற ஆங்கில ஓவியரின் படங்களை முன்னால் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

பால்மர் லண்டன்காரர், புத்தக வியாபாரியின் மகன். 1825-ல், இருபது வயதில், பழுப்பு மையில் அவர் வரைந்த ஆறு படங்கள் ஆக்ஸ்போர்டு ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு நோட்டுப் பக்கம் அளவுதான். மையில் வேலம்பிசின் கலந்து மேலே வார்னிஷ் பூசியிருப்பதால், நிழலெல்லாம் பழைய தேன் மாதிரி மின்னுகிறது. விடியற்காலைப் படத்தில் குடை விரித்த மாதிரி ஒரு மரம், பாதையில் ஒரு முயல். இன்னொன்றில் நிலா, அறுத்துக் கட்டிய கதிர்கள், அவற்றுக்கு நடுவில் ஒருவர் சாவகாசமாகப் படுத்துக்கொண்டு புத்தகம் படிக்கிறார். அறுவடை நேரத்தில் எந்தக் கூலிக்காரர் வயலில் படுத்துப் படிப்பார்? அவர் அந்த ஊர்க்காரரே அல்ல, ஊருக்கு ஏங்கி வந்தவர். பால்மர் தன்னையேதான் அங்கே படுக்க வைத்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த ஏக்கத்தை அவர் மறைக்கவில்லை, அப்புறம் அது எப்படிப் பொய்யாகும்?

ஆனால் நீ சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. அவர் பிறகு கென்ட் பகுதியில் ஷோரம் என்ற ஊரில் போய்க் குடியிருந்தார். அவர் அங்கே இருந்தபோதுதான், 1830-ல், கென்ட்டின் கூலிக்காரர்கள் கதிரடிக்கும் இயந்திரங்களை உடைத்தார்கள், வைக்கோல்போர்களுக்குத் தீ வைத்தார்கள். பனிக்காலம் முழுக்கக் கையால் கதிரடித்து வயிறு கழுவியவர்கள், இயந்திரம் வந்ததும் அந்த வேலையும் போயிற்று. பால்மர் அவர்கள் பக்கம் நிற்கவில்லை. 1832-ல் வாக்காளர்களுக்கு என்று ஒரு துண்டுப்பிரசுரம் எழுதி எதிர்ப்பக்கம்தான் நின்றார். அந்தத் தீ அவர் வரைந்த நிலவொளியில் எங்கேயும் தெரியவில்லை, அது எனக்கு இன்னும் உறுத்துகிறது. அதற்காக அந்த மரத்தை வெறுக்கவும் என்னால் முடியவில்லை, அவ்வளவு பொறுமையாகப் பார்த்து வரைந்த மரம் அது.

1909-ல் அவர் மகனே அப்பாவின் ஓவியங்களையும் குறிப்பேடுகளையும் ஏராளமாக எரித்துவிட்டார், யாருக்கும் புரியாமல் அவமானப்பட்டுப் போகக் கூடாதாம். அதில் என்னென்ன போயிற்றோ.

உன் படங்களை மடிக்காமல் அட்டை வைத்து எனக்கு அனுப்பு. நடவுக்கு வந்த பெண்களைப் பென்சிலில் லேசாகத் தொட்டு, முடிக்காமல் விட்டாயே, அதை முதலில் அனுப்பு.

அன்புடன்,
அக்கா