ஆச்சியைப் பாம்படத்தோடு காட்டியவர்களுக்கு

உடன்குடிப் பக்கத்து எங்கள் ஊர்க்காரர்களுக்கும் சொந்தபந்தங்களுக்கும் வணக்கம்.

ஆச்சி தவறிய ராத்திரி நல்ல மழை. கீழத்தெருப் பையன்கள் யாரும் கூப்பிடாமலே கம்பும் தார்ப்பாயுமாக வந்து பந்தல் போட்டார்கள். பதினாறாம் நாள் வரை மைனிமாரும் அத்தைமாரும் மாறிமாறிச் சோறு கொண்டுவந்தார்கள். எல்லாருக்கும் நன்றி.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது ஒரு போட்டோவுக்காக.

நான் பார்த்த ஆச்சிக்குக் காதில் தொங்கும் பாம்படம் கிடையாது. தோளைத் தொடும் வெறுங்காதுதான். சின்ன வயதில் மடியில் படுத்துக்கொண்டு அந்தத் துளைக்குள் விரலை விட்டு ஆட்டுவேன். "காது அந்துரும்ல" என்பாளே தவிர, கையைத் தட்டிவிட மாட்டாள். குழந்தையிலேயே குத்தி, பஞ்சைத் திணித்து, அப்புறம் ஈயக் குணுக்கு மாட்டி வளர்த்த காது. அப்பாவைப் பாளையங்கோட்டையில் காலேஜில் சேர்க்கப் பாம்படத்தை விற்றுவிட்டாள். "உள்ள அரக்குதானல, என்ன பெரிய தங்கம்" என்பாள்.

பங்குனி பிறந்தால் ஆச்சியைக் கருப்பட்டி காய்ச்சும் குடிசையான விடிலியில்தான் பார்க்கலாம். தாத்தா இறக்கிவரும் பதநீரை வடிகட்டிக் காய்ச்சுவாள். பொங்கி வரும்போது நுணுக்கிய ஆமணக்கு விதையைத் தூவினால் நுரை அடங்கும். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, உருண்டு வருகிறதா என்று பார்த்த பிறகுதான் பாகைச் சிரட்டைகளில் ஊற்றுவாள். சட்டியில் ஒட்டியது எங்களுக்கு. 2023-ல் உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததை வாசித்துச் சொன்னேன். "சீனி கலக்காமக் காச்சுறவனுக்குத்தான அது?" என்று கேட்டாள்.

பாம்படம் போட்ட ஆச்சியை ஒருதரமாவது பார்த்திருக்கலாமே என்று துஷ்டி வீட்டில் புலம்பிக்கொண்டிருந்தேன். மேலத்தெருச் சித்தி அன்றைக்கே தன் டிரங்குப் பெட்டியைக் குடைந்து, தன் அம்மாவின் கல்யாணப் போட்டோவைக் கொண்டுவந்தார். பூஞ்சை பிடித்த படம். திருச்செந்தூரில் ஸ்டூடியோ வைத்திருக்கும் நம்மூர்த் தம்பி இரண்டு நாள் உட்கார்ந்து அதைச் சுத்தம் செய்து, பெரிதாக்கித் தந்தார். காசு வாங்கவில்லை. "ஆச்சி கையால கருப்பட்டி தின்னவன் நான்" என்றார்.

இரண்டாவது வரிசையில் கடைசி ஆள் ஆச்சி. முப்பது வயதுகூட இருக்காது. கேமராவைப் பார்க்காமல் சட்டென்று யாரையோ திரும்பிப் பார்த்திருக்கிறாள். முகம் தெளிவாக இருக்கிறது. பாம்படம் மட்டும் ஆடி, கன்னத்தோரம் கலங்கலாக விழுந்திருக்கிறது. அதைப் பார்த்து அப்பா சின்னப்பிள்ளை மாதிரி அழுதார்.

பிரதி வேண்டும் என்கிறவர்கள் வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள். சித்தி, உங்கள் படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போடக் கொடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நானே கொண்டுவருகிறேன்.

ஆச்சியின் பேரன்