பாய்மரம் ஒடிந்தால் பத்திரமும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்தியக் கடற்படையின் தாரிணி பாய்மரப் படகில் உலகைச் சுற்றி வந்த ரூபா, தில்னா இருவரையும் பற்றிய கட்டுரையை உங்கள் இதழில் படித்தேன். 2025-இல் அவர்கள் கேப் டவுனில் வந்து தங்கியதை நினைத்தால் இன்றும் பெருமையாக இருக்கிறது. அதிலும் ரூபா நம் புதுச்சேரிப் பெண்.

இனி நம் இளைஞர்கள் சொந்தப் படகிலும் கிளம்ப வேண்டும் என்று கட்டுரையை முடித்திருக்கிறீர்கள். தாராளமாகக் கிளம்பட்டும். ஆனால் கடற்படைப் படகுக்குத் துணையாக ஓர் அரசாங்கமே நிற்கிறது. சொந்தப் படகில் வருகிறவர் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். டர்பனில் படகு எஞ்சின் பழுது பார்ப்பவன் நான். விபத்தில் தப்பி வந்தவர்கள் கரையில் படும் பாட்டைப் பார்ப்பதால் இதை எழுதுகிறேன்.

மொரீஷியஸ், ரீயூனியன் தீவுகள் வழியாக வரும் படகுகள் பெரும்பாலும் அக்டோபர், நவம்பரில், புயல் காலம் சூடுபிடிக்கும் முன் இங்கே வந்து சேரும். கரையோரமாகத் தென்மேற்கே ஓடும் அகுல்யாஸ் நீரோட்டத்தை எதிர்த்துத் தென்மேற்கிலிருந்து காற்று அடித்தால் அலை செங்குத்தாக எழும்பும். பாய் கிழிவது, சுக்கான் உடைவது எல்லாம் அப்போதுதான். அடிபட்டு வந்தவர்களுக்குத் தரையில் கால் வைத்தால் போதும் என்றிருக்கும். அந்த நேரத்தில்தான் பொறுமை வேண்டும். நாட்டுக்குள் வர அனுமதி கேட்கும் மஞ்சள் கொடியை ஏற்றி, துறைமுகக் கட்டுப்பாட்டு அறைக்கு ரேடியோவில் தகவல் சொல்லி, சுகாதாரம், குடிநுழைவு, சுங்கம் மூன்றும் முடியும்வரை படகிலேயே இருக்க வேண்டும். யாருக்காவது காயம் என்றால் அதையும் ரேடியோவிலேயே சொல்லிவிட வேண்டும். ஆபத்தில் சிக்கிய படகு பிற நாட்டின் கரையோரக் கடலில் நின்று நங்கூரமிட 1982-ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை இடம் தருகிறது. அதற்காகச் சுங்கத்தில் பதியாமல் இருந்துவிட முடியாது.

பெரிய தலைவலி உதிரி பாகம்தான். நான் வேலை பார்த்த ஒரு படகுக்கு வெளிநாட்டிலிருந்து எஞ்சின் பம்ப் வந்தது. பெட்டியிலும் பில்லிலும் உரிமையாளர் பெயர் மட்டும் இருந்தது, படகின் பெயர் இல்லை. சாதாரண இறக்குமதி என்று சுங்கத்தில் நிறுத்திவிட்டார்கள். அது கைக்கு வருவதற்குள் நல்ல காற்று வீசிய நாட்களெல்லாம் கடந்து போயின. படகின் பெயர், பதிவு எண், வழியில் தங்கிச் செல்லும் வெளிநாட்டுப் படகு என்ற குறிப்பு மூன்றையும் பில்லிலேயே போடச் சொல்லுங்கள். படகுப் பத்திரத்தின் நகல், கடைசித் துறைமுகம் தந்த அனுமதிச் சீட்டு, ஆட்களின் பட்டியல் எல்லாம் நனையாத பையில் இருக்கட்டும்.

அப்புறம் விசா. ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் விசா, பிரான்சின் தீவான ரீயூனியனுக்குத் தானாகச் செல்லாது. தென்னாப்பிரிக்காவுக்கு இந்திய பாஸ்போர்ட்காரர் முன்கூட்டியே விசா எடுக்க வேண்டும். கென்யா வழியாக வந்தால் மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சான்றிதழும் கேட்பார்கள்.

இன்னொரு பதிவும் இருக்கிறது, அது உயிர் சம்பந்தப்பட்டது. 2022 நவம்பரில் பாய்மரப் படகில் தனி ஆளாக உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் பந்தயத்தில் பின்லாந்துக்காரர் தாபியோ லெஹ்தினெனின் படகு தென்னாப்பிரிக்காவுக்குத் தென்கிழக்கே சில நிமிடங்களில் மூழ்கியது. அவருடைய அவசர அறிவிப்புக் கருவி சமிக்ஞை அனுப்பியதால், அதே பந்தயத்தில் இருந்த இந்த நாட்டுப் பெண் கிர்ஸ்டன் நாய்ஷேஃபர் தன் பாதையை மாற்றிப் போய் மறுநாள் அவரை மிதவையிலிருந்து மீட்டார். அந்தக் கருவியைப் படகின் பெயரோடு, வீட்டாரின் தொலைபேசி எண்ணோடு பதிந்து வைக்க வேண்டும். பழைய படகு வாங்குகிறவர்கள் அந்தப் பதிவில் முந்தைய உரிமையாளரின் பெயரை மாற்றாமலே விட்டுவிடுகிறார்கள். தேடுகிறவர்கள் யாரை அழைப்பார்கள்?

அடுத்த முறை கடற்பயணம் பற்றி எழுதும்போது இந்தப் பத்திரங்களுக்கென்று ஒரு பக்கம் ஒதுக்குங்கள். டர்பன் விவரங்களை நான் எழுதி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
படகு எஞ்சின் மெக்கானிக்,
டர்பன், தென்னாப்பிரிக்கா