யாழ்ப்பாணத்தில் மூன்று ஆசனம்: கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2024 நவம்பர் 14 அன்று நடந்த இலங்கை நாடாளுமன்றத் தேர்தலைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையையும், அதைத் தொட்டு வந்த இரண்டு வாசகர் கடிதங்களையும் படித்தேன். யாழ்ப்பாணத் தமிழர்கள் தமிழ்க் கட்சிகளைக் கைகழுவிவிட்டார்கள் என்கிறார் கட்டுரையாளர். அது துரோகம் என்கிறார் ஒரு கடிதக்காரர். வாக்கு விகிதப்படி ஆசனம் பிரிக்கும் விகிதாசாரத் தேர்தல் முறையே தமிழர் பலத்தைக் குறைக்கச் செய்த சதி என்கிறார் இன்னொருவர். சிங்களத் தலைவர் அநுர குமார திசாநாயக்கவின் தேசிய மக்கள் சக்திக்கு யாழ்ப்பாணத்தில் மூன்று ஆசனம் என்ற செய்தியோடு மூவரும் நின்றுவிட்டார்கள். அந்த மூன்றும் எத்தனை வாக்கில் வந்தது என்று ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கேரளாவில் உட்கார்ந்துகொண்டு உமக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்பவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். இங்கே குளத்துப்புழை, ஆயிரநல்லூர் எஸ்டேட்களில் ரப்பர் பால் வெட்டும் தமிழ்க் குடும்பங்கள், 1964ஆம் ஆண்டு சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரம் வந்தவர்களின் குடும்பங்கள். எங்களைக் குடியமர்த்துவதற்காகவே 1976இல் புனலூரில் ஒரு தோட்ட நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ஊர்க்காரர்களுக்கு இன்றைக்கும் நாங்கள் 'சிலோன்காரர்'தான். அண்ணன் இங்கே, தங்கை ஹட்டனில். பெரியப்பா இங்கே, அவர் பிள்ளைகள் தலவாக்கலையில் என்று பாதிக் குடும்பம் அக்கரையில் கிடக்கிறது. முடிவு வந்துகொண்டிருந்த இரவில் எங்கள் லயங்களில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) யாரும் சரியாகத் தூங்கவில்லை. கேரளத் தேர்தல் முடிவுக்குக்கூட இப்படி விழித்திருந்ததில்லை.

அன்றைக்குக் கேட்ட பேச்சுகளைத் தொகுத்தாலே ஒரு கட்டுரை தேறும். பக்கத்து ஊர் மலையாளத் தோழர்களுக்கு ஒரே கொண்டாட்டம். சிவப்புக் கொடி ஜெயித்துவிட்டது என்று சாயாக்கடையில் லட்டு கொடுத்தார்கள். எங்கள் பெரியவர்கள் லட்டை வாங்கிக்கொண்டார்கள், வாயில் போட யோசித்தார்கள். அவர்களுக்கு ஜே.வி.பி. (ஜனதா விமுக்தி பெரமுன) என்றால் 1971 கிளர்ச்சி ஞாபகம் வரும். 'இந்திய விஸ்தரிப்புவாதம்' என்று அந்தக் கட்சி அந்தக் காலத்தில் நடத்திய வகுப்பில், தோட்டத் தமிழனையும் அந்த விஸ்தரிப்பின் ஒரு கையாகத்தான் பார்த்தார்கள். அதே கட்சியை மையமாகக் கொண்ட கூட்டணிதான் தேசிய மக்கள் சக்தி. அது 2023இல் ஹட்டனுக்கு வந்து மலையக மக்களுக்கென்று, அதாவது தேயிலைத் தோட்டத் தமிழர்களுக்கென்று, ஒரு பிரகடனம் வெளியிட்டது. அங்கே இருக்கிற எங்கள் பிள்ளைகளுக்கு 2023தான் தெரியும், 1971 தெரியாது. 'யானைக்கும் போட்டுப் பார்த்தாச்சு, டெலிபோனுக்கும் போட்டுப் பார்த்தாச்சு, 1,700 ரூபாய் நாள் சம்பளம் கேட்டே வயசாகுது, திசைகாட்டிக்கும் ஒரு தடவை போட்டா என்ன மாமா?' என்று கேட்டான் மஸ்கெலியாவில் இருந்து பேசிய மருமகன். யானை ஐக்கிய தேசியக் கட்சி, டெலிபோன் ஐக்கிய மக்கள் சக்தி, திசைகாட்டி தேசிய மக்கள் சக்தி. இதில் எங்கே சார் துரோகம் இருக்கிறது?

சரி, யாழ்ப்பாணத்துக்கு வருவோம். அங்கே ஆறு ஆசனம். தேசிய மக்கள் சக்தி வாங்கிய வாக்கு 80,830. செல்லுபடியான வாக்குகளில் கால்வாசி, அதற்கு மேல் இல்லை. இலங்கைத் தமிழரசுக் கட்சிக்கு 63,327. சைக்கிள் சின்னத்துத் தமிழ்க் காங்கிரசுக்கு 27,986. மருத்துவர் அர்ச்சுனாவின் சுயேச்சைக் குழுவுக்கு 27,855. இதில் முதலாமவருக்கு மூன்று ஆசனம், மற்ற மூவருக்கும் ஆளுக்கொன்று. அறுபத்து மூவாயிரம் வாங்கினாலும் ஒன்று, இருபத்தேழாயிரம் வாங்கினாலும் ஒன்று. பார்த்தால் தலை சுற்றும். ஆனால் இது கள்ளக் கணக்கு இல்லை, சட்டத்தில் எழுதி வைத்த கணக்கு.

மாவட்டத்தில் முதலிடம் பிடித்த கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம் முதலிலேயே போய்விடும். ஐந்து சதவீதத்துக்குக் குறைவாக வாங்கியவர்களின் வாக்குகளைக் கழித்துவிடுவார்கள். மீதி வாக்கை மீதி ஐந்து ஆசனத்தால் வகுத்தால் யாழ்ப்பாணத்தில் ஏறத்தாழ 48 ஆயிரம் வருகிறது. அந்த 48 ஆயிரத்தை முழுதாகத் தொட்டவர்கள் இரண்டே பேர், திசைகாட்டியும், வீட்டுச் சின்னத்துத் தமிழரசுக் கட்சியும். ஆளுக்கொரு ஆசனம். இன்னும் மூன்று ஆசனம் பாக்கி. அவை மிச்ச வாக்கு யாருக்கு அதிகமோ அவர்களுக்குப் போகும். திசைகாட்டிக்கு மிச்சம் 32 ஆயிரத்துச் சொச்சம், காங்கிரசுக்கும் சுயேச்சைக்கும் கிட்டத்தட்ட 28 ஆயிரம். தமிழரசுக்கு மிச்சம் 15 ஆயிரம்தான். அதனால்தான் அவர்கள் ஒன்றோடு நின்றார்கள்.

இனிமேல்தான் முக்கியமான இடம். சங்குச் சின்னத்தில் நின்ற ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணிக்கு 22 ஆயிரத்துச் சொச்சம் வாக்கு, ஆசனம் ஒன்றுமில்லை. இவர்களும் தமிழரசுக் கட்சியும் முன்பு தமிழ்த் தேசியக் கூட்டமைப்பாக ஒரே வீட்டில் இருந்தவர்கள்தான். அதே வாக்கு, அதே ஆட்கள், சின்னம் மட்டும் ஒன்றாக இருந்திருந்தால் கூட்டுத்தொகை 85 ஆயிரத்தைத் தாண்டியிருக்கும். முதலிடமும் போனசும் இவர்களுக்கு வந்திருக்கும். போட்டுப் பாருங்கள்: கூட்டமைப்புக்கு மூன்று, திசைகாட்டிக்கு இரண்டு, சைக்கிளுக்கு ஒன்று. ஒரே ஒரு வாக்காளர்கூட மனம் மாறாமல் உங்கள் தலைப்புச் செய்தி தலைகீழாகியிருக்கும். கட்சிகள் பாகப்பிரிவினை செய்துகொண்டதற்கு மக்களைத் துரோகி என்பதா?

அதற்காக அங்கே ஒன்றுமே மாறவில்லை என்று நான் சொல்லவில்லை. செப்டம்பரில் ஜனாதிபதித் தேர்தலில் அநுர குமார திசாநாயக்கவுக்கு யாழ்ப்பாணத்தில் கிடைத்தது 27 ஆயிரம் வாக்கு, நான்காவது இடம். இரண்டு மாதத்தில் அது மூன்று மடங்கானது. ஈ.பி.டி.பி. கட்சித் தலைவர் டக்ளஸ் தேவானந்தாவும் தமிழரசுக் கட்சியின் சுமந்திரனும் தோற்றார்கள். இதெல்லாம் சாதாரண விஷயம் இல்லை. ஆனால் கால்வாசிப் பேர் செய்ததை எல்லோர் தலையிலும் கட்டுவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. மட்டக்களப்பில் தமிழரசுக் கட்சி முதலிடம் பிடித்தது. 22 தேர்தல் மாவட்டங்களில் திசைகாட்டிக்கு முதலிடம் தராத ஒரே மாவட்டம் அது. கட்டுரையில் அதற்கு அரைவரிகூட இல்லை.

எங்கள் சொந்த மாவட்டமான நுவரெலியாவிலும் இதே கதைதான். எட்டில் ஐந்து திசைகாட்டிக்கு, வாக்கு 41 சதவீதம். டெலிபோனுக்கு இரண்டு, யானைச் சின்னத்தில் நின்ற ஜீவன் தொண்டமானுக்கு ஒன்று. கிருஷ்ணன் கலைச்செல்வி நுவரெலியாவிலிருந்தும், அம்பிகா சாமுவேல் பதுளையிலிருந்தும் நாடாளுமன்றத்துக்குப் போயிருக்கிறார்கள். மலையகத் தமிழ்ப் பெண்கள் தேர்தலில் ஜெயித்து அந்தச் சபைக்குள் போவது இதுவே முதல் தடவை. சிங்களவர் பெரும்பான்மையாக வாழும் மாத்தறையில் சரோஜா சாவித்திரி போல்ராஜ் ஜெயித்து அமைச்சராகவும் ஆகிவிட்டார். எங்கள் லயத்துப் பெண்கள் ஆசனக் கணக்கை விட்டுவிட்டு இதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பேச்சு உங்கள் கட்டுரையைவிட எனக்கு உருப்படியாகப் பட்டது.

அடுத்தது, விகிதாசாரமே சதி என்ற கடிதம். 1977இல் தொகுதி முறையில் ஜே.ஆர். ஜயவர்த்தனவின் ஐக்கிய தேசியக் கட்சி பாதியைக் கொஞ்சம் தாண்டிய வாக்குக்கு 168இல் 140 ஆசனம் எடுத்தது. ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சிக்குக் கிட்டத்தட்ட 30 சதவீத வாக்கு, கிடைத்தது எட்டே ஆசனம். வடக்கு கிழக்கில் வாக்கு குவிந்திருந்த தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு 18. அப்படித்தான் அதன் தலைவர் அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். தொகுதி முறை தமிழருக்கு நல்லது என்பவர்கள் இந்தப் பதினெட்டைத்தான் காட்டுவார்கள். குவிந்து வாழ்கிறவர்களுக்கு அது நல்லதுதான். சிதறி வாழ்கிறவர்களுக்கு? அதே தேர்தலில் மலையகத்திலிருந்து ஜெயித்தவர் சௌமியமூர்த்தி தொண்டமான் ஒருவர்தான். அதுவும் நுவரெலியா - மஸ்கெலியா மூன்று பேரைத் தேர்ந்தெடுக்கும் தொகுதியாக இருந்ததால், மூன்றாமவராக. 1948, 1949 சட்டங்கள் குடியுரிமையையும் வாக்குரிமையையும் பறித்த பிறகு எங்கள் அப்பா அம்மா தலைமுறையில் பெரும்பாலானோர் அந்த நாட்டில் ஒரு வாக்குகூடப் போட்டதில்லை. அவர்கள் முதன்முதலில் விரலில் மை வைத்தது கேரளாவில்தான்.

1978 அரசியலமைப்பு விகிதாசாரத்தைக் கொண்டுவந்து, 1989இல் அந்த முறையில் முதல் பொதுத்தேர்தல் நடந்தது. அதற்குப் பிறகுதான் மலையகத்தின் சிதறிய வாக்குக்கு மாவட்ட அளவில் ஒரு விலை வந்தது. யாருக்கும் மூன்றில் இரண்டு பங்கு எளிதில் கிடைக்காது என்றுதான் அந்த முறையைப் பற்றிச் சொல்லி வந்தார்கள். இப்போது 225இல் 159 ஒரே அணிக்கு வந்ததும் 'முறை தோற்றுவிட்டது' என்று ஒரு பேச்சு. அவர்கள் வாங்கியது 61.56 சதவீதம். போனஸ் கொஞ்சம் ஊதிப் பெரிதாக்கியிருக்கிறது, உண்மைதான். அந்த போனசை எடுத்துவிட வேண்டும் என்றால் நானும் கை தூக்குவேன். ஆனால் நூற்றில் அறுபது பேர் கேட்டுக் கிடைத்ததைச் சூழ்ச்சி என்று எப்படிச் சொல்வது? நம் வீட்டையும் பார்க்க வேண்டாமா? அதே 2024இல் தமிழ்நாட்டில் பாதிக்கும் குறைந்த வாக்குக்கு ஒரே அணிக்கு 39க்கு 39. கேரளாவில் பாதிக்கும் குறைந்த வாக்குக்கு ஐக்கிய ஜனநாயக முன்னணிக்கு 20இல் 18, மூன்றில் ஒரு பங்கு வாங்கிய இடது முன்னணிக்கு ஒன்று. இதைப் பற்றி எந்தக் கடிதக்காரரும் சதி என்று எழுதி நான் படித்ததில்லை.

விகிதாசாரத்தை இங்கே கொண்டுவந்தால் எங்களுக்கு விடிந்துவிடும் என்று சொல்ல வரவில்லை. புனலூர் தொகுதியில் நாங்கள் ஒரு மூலை. கொல்லம் மாவட்டம் முழுக்கக் கூட்டினாலும் ஐந்து சதவீதக் கோட்டைத் தொடுவோமா என்பது சந்தேகம். தேவிகுளம், பீருமேடு இருக்கிற இடுக்கிக்காரர்களின் கதை வேறு; அங்கே மாவட்டக் கணக்கில் தமிழ் வாக்கு நன்றாகவே எடை காட்டும். எங்கள் பக்கம் வேட்பாளர் வருவார், ஜீப்பில் நின்றபடி இரண்டு வாக்கியம் தமிழில் பேசுவார், அப்புறம் ஐந்து வருஷம் கழித்துத்தான் வருவார். ஹட்டன் உறவினர்கள், கட்சிக்குப் போடும் வாக்கோடு அதன் வேட்பாளர்களுக்குப் போடும் விருப்பு வாக்கு மூன்றையும் யார் யாருக்குப் போடலாம் என்று வீட்டுக்குள் சண்டை போடுவதைக் கேட்கும்போது கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அடுத்து இலங்கைத் தேர்தல் வரும்போது ஆசனப் பட்டியலோடு மாவட்டவாரியாகக் கட்சிகள் வாங்கிய வாக்கையும் சேர்த்து வெளியிடுங்கள். பக்கத்தில் இடம் போதாது என்றால் தலைவர்கள் படத்தைக் கொஞ்சம் சிறிதாக்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
குளத்துப்புழை, கொல்லம் மாவட்டம்.