ஷுகர்ஸில் என்ன இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு உங்கள் இதழில் தென்னாப்பிரிக்கப் போதைப்பொருள் பற்றி வந்த கட்டுரையை டர்பனில் இருந்து படித்தேன். இளைஞர்கள் எய்ட்ஸ் மாத்திரையையும் எலி மருந்தையும் கலந்து புகைப்பதாக எழுதியிருந்தீர்கள். இங்குள்ள பத்திரிகைகளே வருடக்கணக்கில் அடித்த செய்திதான் அது. உங்கள் நிருபரை மட்டும் குறை சொல்ல முடியாது.

விருதுநகரில் பிறந்து, கல்யாணமாகி இங்கே வந்தவள் நான். சாட்ஸ்வொர்த்தில் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளராக இருக்கிறேன். எங்கள் பகுதியில் இதற்கு 'ஷுகர்ஸ்' என்று பெயர். டர்பனின் மற்ற இடங்களில் 'வூங்கா', ஜோகன்னஸ்பர்க் பக்கம் 'ந்யாவோப்பே'. ஆய்வகத்தில் சோதித்தபோது முக்கியமாக அகப்பட்டது மட்டமான ஹெராயின்தான். சில மாதிரிகளில் எச்.ஐ.வி. மருந்தும் இருந்தது உண்மை. ஆனால் பையனை விடாமல் பிடித்து வைத்திருப்பது ஹெராயின்.

இதனால் என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்கலாம். கோயிலில் பழக்கமான ஆண்ட்டி ஒருவர் கடைக்கு வந்தார். மகனுக்கு மூக்கு ஒழுகுகிறதாம், வயிற்றுப்போக்காம், கால் குடைச்சலாம், ராத்திரி தூக்கமே இல்லையாம். எலி விஷத்தை முறிக்க மருந்து வேண்டும் என்று பாதித் தமிழும் பாதி ஆங்கிலமுமாகக் கேட்டார். கைப்பையில் பத்திரிகைத் துண்டு வேறு. அது விஷத்தின் வேலையே இல்லை. பழகிய ஹெராயின் திடீரென்று நின்றால் உடம்பு அப்படித்தான் படுத்தும்.

ஹெராயின் என்று தெரிந்தால் வைத்தியமும் தெரியும். ஹெராயினுக்குப் பதிலாக மருத்துவர்கள் அளவாகக் கொடுக்கும் மாற்று மருந்தான மெத்தடோன் 2005 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. 2020 ஊரடங்கில் டர்பன் தெருவாசிகளைத் தங்கவைத்த இடங்களில் அதைக் கொடுத்தார்கள். புதுவகை விஷம், மீளவே முடியாது, நடைப்பிணங்கள் என்றெல்லாம் படிக்கிற பெற்றோருக்கு இது எங்கே தெரியப்போகிறது? மகனை அறையில் போட்டுப் பூட்டுகிறார்கள். சில வாரம் கழித்து வெளியே வருபவன் பழைய அளவையே புகைத்தால் உடம்பு தாங்காது, மூச்சு நின்றுபோகலாம். பூட்டுகிற வீடுகளில் பாதிப் பேருக்கு இதை யாரும் சொன்னதில்லை. 'அவனை அடக்கவே முடியலை' என்றுதான் என்னிடம் வருகிறார்கள்.

அப்புறம், கட்டுரையோடு போட்ட படம். சுவரோரம் சுருண்டு கிடக்கிற பையனின் முகம் தெளிவாகத் தெரிகிறது. குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் சொல்லாதவன், அவனிடம் யாரும் அனுமதி கேட்டிருக்கவும் மாட்டார்கள். இணையப் பதிப்பிலிருந்து அதை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மெத்தடோன் பற்றி நாலு வரி சேருங்கள்.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி
சாட்ஸ்வொர்த், டர்பன்