ஐஸ்லாந்தைச் சுற்றப் போகும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

ஐஸ்லாந்துத் தீவைக் காரில் சுற்றிவரப் போவதாகவும், கையில் பணம் குறைவாக இருப்பதால் ஐந்தே நாளில் முடித்துக்கொள்ளப் போவதாகவும் எழுதியிருந்தாய். நீ போவதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. நாளைக் குறைப்பதில்தான் உடன்பாடு இல்லை. தீவைச் சுற்றும் முதலாம் எண் நெடுஞ்சாலை மட்டுமே ஏறத்தாழ 1,320 கிலோமீட்டர். ஊருக்கு வெளியே தார்ச்சாலையில் மணிக்கு 90 கிலோமீட்டரும் சரளைச் சாலையில் 80 கிலோமீட்டரும்தான் உச்ச வேகம். இதில் அருவிக்கும் கடற்கரைக்கும் கிளைச்சாலையில் போய்வரும் தூரம் சேரவில்லை. எட்டு நாளாவது வைத்துக்கொள்.

அதற்கான பணத்தை வேறு இடங்களில் மிச்சம் பிடிக்கலாம். ஜூன், ஜூலையை விட்டுவிட்டுச் செப்டம்பர் முதல் பாதியில் போனால் வண்டி வாடகையும் தங்கும் செலவும் குறையும். பகலும் பதின்மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. வானம் தெளிந்த இரவில் வடதுருவ ஒளியைக் காணும் வாய்ப்பும் உண்டு. அனுமதிக்கப்பட்ட கூடாரத் தளங்களில் தங்கி, நீயே சமைத்துக்கொள். குழாய்த் தண்ணீரே அருமையாக இருக்கும், பாட்டில் வாங்காதே. அகுரேரி நகருக்கு அருகிலுள்ள வாத்லாஹெய்தி சுரங்கப்பாதைக்குக் கட்டணம் உண்டு. மலை மேலே செல்லும் பழைய சாலைக்கு இல்லை. சற்று நேரம் கூடுதலாகும், ஆனால் பள்ளத்தாக்கும் கடற்கழியும் கண்ணுக்குத் தெரியும்.

தீவின் நடுப்பகுதியிலுள்ள கரடுமுரடான மலைச்சாலைகளைத் தவிர்த்தால் சிறிய காரே போதும்; நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டி தேவையில்லை. ஆனால் காப்பீட்டு விதிகளை வரி விடாமல் படித்துவிடு. நானும் அம்மாவும் போனபோது, தென்கரையில் நான் கதவைத் திறந்த நொடியில் காற்று அதைப் பிடுங்கி முன்பக்கமாக வளைத்துவிட்டது. காற்றால் வரும் சேதம் காப்பீட்டில் சேராது என்று அப்போதுதான் தெரிந்தது. மூன்று நாள் செலவுக்கான பணம் அதிலேயே போயிற்று. வண்டியைக் காற்றுக்கு எதிர்முகமாக நிறுத்தி, கதவை இரு கையாலும் பிடித்துத் திற.

தென்கரையில் வரும் ஸ்கெய்தாரா ஆற்றுவெளியில் கட்டாயம் இறங்கு. 1974-இல் அங்கே பாலம் கட்டிய பிறகுதான் இந்தச் சாலை முழு வட்டமாயிற்று. 1996-இல் பனிப்பாறைக்கு அடியில் எரிமலை வெடித்து, உருகிய நீர் வெள்ளமாகப் பாய்ந்து பாலத்தின் ஒரு பகுதியை அடித்துச் சென்றது. முறுக்கிக்கொண்ட இரும்பு உத்தரங்கள் இன்றும் சாலையோரத்தில் கிடக்கின்றன. அதன் மேல் கை வைத்துக்கொண்டு அம்மா வெகுநேரம் பேசாமல் நின்றாள். அங்கிருந்து கிழக்கே, பனிக்கட்டிகள் மிதக்கும் யோகுல்சார்லோன் ஏரிக்கு ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அதன் எதிரே கடற்கரைக் கருமணலில் ஒதுங்கிய பனிக்கட்டிகளைப் பார்க்க நுழைவுக் கட்டணம் கிடையாது. ஒரு மாலை முழுவதையும் அதற்கு ஒதுக்கு.

நாள்தோறும் காலையில் காற்றின் வேகத்தையும் சாலை நிலவரத்தையும் பார்த்துவிட்டே புறப்படு. எங்கள் கூடாரம் இன்னும் நல்ல நிலையில் இருக்கிறது; தேதியை முடிவு செய்ததும் எழுது, அனுப்பி வைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா