கிருமி பயத்துக்கு அரூரிலும் சிகிச்சை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கிருமி பயத்தால் ஓயாமல் கை கழுவுபவரைச் ‘சுத்தக்காரர்’ என்று மெச்சுவதும், அது முற்றிய பிறகு ‘காத்து கருப்பு’ என்று மந்திரிக்க அழைத்துப் போவதும் எங்கள் பக்கத்தில் இன்னும் நடக்கிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வராத நாளில், குடங்களில் பிடித்து வைத்த தண்ணீரை ஒருவரே கொட்டித் தீர்த்துவிட்டார் என்று எழும் சண்டையில்தான் சில வீடுகளில் இந்நோய் வெளியே தெரியவருகிறது. மருத்துவர்கள் இதை ஓ.சி.டி. எனப்படும் எண்ணச் சுழற்சி நோயின் ஒரு வகை என்கிறார்கள். தான் செய்வது மிகை என்று நோயாளிகளில் பலருக்குத் தெரியும். தெரிந்தும், கதவுப்பிடியைத் தொட்டதும் மூளும் பதற்றம் கழுவினால்தான் தணிகிறது என்பதால், தோல் வெடித்து ரத்தம் கசிந்தாலும் அவர்களால் நிறுத்த முடிவதில்லை. அப்படித் தணியும் அந்தச் சில நிமிட நிம்மதியே அடுத்த முறை கழுவத் தூண்டுகிறது.

வீட்டார் பாசத்தால் செய்யும் உதவியும் இச்சுழலுக்குள் சிக்கிக்கொள்கிறது. மகளின் பயம் தீரட்டும் என்று தாய் பால் பாக்கெட்டைச் சோப்புப் போட்டுக் கழுவித் தருவதும், தந்தை வாசலிலேயே உடை மாற்றிக்கொள்வதும், ‘சுத்தமாகத்தான் இருக்கிறது’ என்று மீண்டும் மீண்டும் உறுதி சொல்வதும் அந்தப் பயத்தை நியாயமானதாக்கிவிடுகின்றன. அதற்காகத் திடீரென்று குழாயைப் பூட்டிவிடுவதும் கொடுமையே. நோயாளியின் சம்மதத்தோடு, எளிதானதில் தொடங்கிப் படிப்படியாக, அஞ்சும் பொருளைத் தொடச் செய்து, கழுவாமல் இருக்கவும் பழக்கினால், பதற்றம் தானே இறங்குவதை அவர் உணர்கிறார். 1966 இல் லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் தொடங்கி வைத்த இம்முறையே இன்றும் முதன்மையான உளவியல் சிகிச்சை. ஃபுளுவாக்செடின், செர்ட்ராலின் போன்ற மாத்திரைகளும் உதவுகின்றன. ஆனால் பலன் முழுமையாகத் தெரிய 8 முதல் 12 வாரங்கள் ஆகலாம். இதைச் சொல்லாமல் மருந்துச் சீட்டை மட்டும் கொடுத்தனுப்பினால், இரண்டாம் வாரமே ‘இது கேட்கவில்லை’ என்று நிறுத்திவிடுவார்கள்.

ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை பக்கம். அங்கு இந்நோய்க்கென்றே தனிப் பிரிவு உண்டு. அரூரில் கூலி வேலை செய்பவர் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வந்து போவதற்கே ஒரு நாள் சம்பளத்தை இழக்கிறார். வாரந்தோறும் அமர்ந்து பழக வேண்டிய சிகிச்சைக்கு அவர் எப்படி வருவார்? 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே இலவச ஆலோசனை கிடைக்கிறது என்றாலும், நேரில் உடனிருந்து பழக்குவதற்கு அது ஈடாகாது. எனவே அரூர், பாலக்கோடு, பென்னாகரம் அரசு மருத்துவமனைகளில், இச்சிகிச்சையில் பயிற்சி பெற்ற உளவியலாளர் வாரத்தில் குறிப்பிட்ட ஒரு நாளிலாவது இருக்கவும், அந்த நாளும் நேரமும் புறநோயாளிகள் பிரிவுப் பலகையில் எழுதப்படவும் மருத்துவ நலப் பணிகள் இணை இயக்குநர் ஏற்பாடு செய்ய வேண்டும் எனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
அரூர், தருமபுரி மாவட்டம்.